உள்ளே இருபத்திரண்டு விழுக்காடு

நாள் 203 | 09:10

விளிம்பு நிலையம், நிலவின் தென்முனை. பதிவு: சந்தனமாரி, உற்பத்திப் பொறியாளர். நிலையத்தில் இருப்போர்: ஒருவர்.

காற்றழுத்தம் சரி. நீர் சரி. முப்பரிமாண பிரிண்டர் சரி. உலோகத் தூள் தொட்டியில் நாலில் ஒரு பங்கு. இன்று அச்சிட்டவை: நீர்க்குழாய் மூடி ஒன்று, கரண்டி ஒன்று. பழைய கரண்டி ததேயுவோடு வண்டியில் போய்விட்டது.

இங்கே என்னோடு இருந்த ஒரே சக ஊழியன் ததேயு இறந்து பதினோரு நாள். பள்ளத்தின் சரிவில் வண்டியின் கதவு வளையம் உடைந்தது. காற்று நான்கு விநாடியில் வெளியேறியது. வண்டி உருண்டு இருளுக்குள் விழுந்தது. நிலையத்தின் மாற்று ஆன்டெனாவும் அதில்தான் இருந்தது. பதிவில் உணர்ச்சி கூடாது என்பது விதி. கரண்டியைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மாற்று ஆட்களோடு கலம் வர இன்னும் இருபத்தாறு நாள். இந்தப் பதிவு அவர்களுக்கு.

நாள் 204 | 11:30

தரைக்கட்டுப்பாட்டிலிருந்து மெஹருன்னிசா பேசினார். வார்த்தைக்கு வார்த்தை:

"மேடம், உங்க தூள் கணக்கப் பாத்து இங்க எல்லாரும் அசந்து போயிட்டாங்க. எப்படி இவ்வளவு மிச்சம் பண்ணீங்கன்னு கேக்குறாங்க. இன்னொரு ஆச்சரியம், கீழ பல ஊர்கள்லயும் மூணு மாசமா தூள் செலவு குறைஞ்சிருக்காம். காரணம் தெரியல. எல்லாருக்கும் சந்தோஷம்."

சேதாரத்தைக் குறைத்தேன் என்றேன். நன்றாகப் பொய் சொல்கிறேன். பழக்கமாகிவிட்டது.

நாள் 205 | 15:45

வெயில் முகட்டை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. இனிப் பத்து நாள் கடுங்குளிர்.

சுவரில் தட்டும் சத்தம். இரண்டு தட்டல், சற்று நிறுத்தி ஒன்று. முதலில் வெளிக்கதவில், பிறகு சுவாசக் குழாய் இருக்கும் சுவரில், பிறகு ஆன்டெனாத் தூணின் அடியில்.

ததேயு அப்படித்தான் தட்டுவான். நான் அச்சிட்டுக் கொடுக்கும் எந்தப் பாகத்தையும் ஒரு பழைய ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக் காதருகே வைத்துப் பார்க்காமல் மாட்ட மாட்டான். இரண்டு, நிறுத்தி ஒன்று. எக்ஸ்ரே கருவி இருக்கும்போது இது எதற்கு என்று கிண்டல் செய்வேன். கருவி நாலாவது மாதமே பழுதாகிவிட்டது. காசு பழுதாகவில்லை.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இதை எழுதிவைப்பது நல்லது.

நாள் 206 | 10:05

எழுதிவிடுகிறேன்.

நாள் 96. சரக்குக் கலம் இரண்டாம் முறையும் வரவில்லை. தூள் தீர்ந்தால் உதிரிப்பாகம் இல்லை, உதிரிப்பாகம் இல்லையென்றால் நாங்கள் இல்லை. உலோகப் பாகங்களின் உள்நிரப்பை நூறு விழுக்காட்டிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்தேன். வெளியே வழவழவென்று அதே பாகம். உள்ளே வலைப்பின்னல், மீதி வெற்றிடம். எடையேற்றிப் பார்த்தேன், தாங்கியது. குளிரிலும் வெயிலிலும் மாறி மாறிப் போட்டுப் பார்க்கவில்லை. பதிவேட்டில் 'முழுத்திண்மம்' என்றே எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் அனுமதி வராது.

நாற்பத்தொரு பாகங்கள். அவற்றில் ஒன்று வண்டியின் கதவு வளையம்.

அதையும் தட்டிப் பார்த்தான். "ஏ மாரி, இது என்ன, முத்தாத தேங்கா மாதிரில்லா சத்தங் குடுக்கு?" என்றான்.

"அளவு வேற, சத்தம் வேற. பேசாம மாட்டு" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்று மாட்டினான். அவனுக்குத் தன் காதைவிட என் மேல் நம்பிக்கை அதிகம். அந்த வாக்கியத்தோடுதான் சாப்பிடுகிறேன், அதோடுதான் படுக்கிறேன்.

நாள் 207 | 13:20

தட்டல் கேட்ட இடங்களை வரைபடத்தில் குறித்தேன். முப்பத்தொன்பது இடங்கள். வண்டியில் போனது ஒன்று. என் விண்வெளி அங்கியின் கழுத்து வளையம் அலமாரிக்குள் சூட்டில் இருக்கிறது. ஆக நாற்பத்தொன்று. கணக்கு இம்மி பிசகவில்லை.

காரணம் இருக்கிறது. குளிரில் திண்ம உலோகம் மெல்லச் சுருங்கும். உள்ளீடற்றது வெடுக்கென்று சுருங்கிச் சத்தமிடும். அவ்வளவுதான். ஏன் இரண்டு, நிறுத்தி ஒன்று என்பதற்குக் காரணம் தெரியவில்லை.

அவன்தான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்கிறேன். எதிர்த்துப் பேச இங்கே ஆளில்லை.

மாற்றத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் தூள் போதாது. சுவாசக் குழாய் இணைப்புகள் ஐந்து, வெளிக்கதவுத் தாழ்ப்பாள், அதன் கீல்: ஏழும் இப்போது முழுத்திண்மம். மாற்றியதிலிருந்து வெளிக்கதவில் சத்தமே இல்லை. கலம் வருவதற்குள் எப்படியாவது சரிக்கட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.

நாள் 209 | 12:15

வியாழன். குடும்பச் செய்தி வந்தது. கோவில்பட்டியிலிருந்து தம்பி செண்பகராஜ்.

பத்தொன்பது வயதில் ஒரு லாரி அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. கடையில் செயற்கைக்கால் விலை கேட்டுவிட்டு அப்பா திரும்பிவிட்டார். கல்லூரி ஆய்வகத்தில், பொது வடிவ நூலகத்திலிருந்து கோப்பை இறக்கி நானே அச்சிட்டுக் கொடுத்தேன். நீ யார், எந்த ஊர் என்று நூலகம் கேட்கவில்லை. பெயர் கேட்காத அந்தக் கொடைக்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இன்று தாலுகாவுக்குத் தாலுகா பிரிண்டர் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்தக் கால்களில் ஓடுகிறார்கள்.

அவன் சொன்னது:

"எக்கா, நல்லாருக்கியா? ததேயு அண்ணன நெனச்சு ஒடஞ்சு போயிராத. ஒரு சேதி. புது காலு வந்துருச்சு. நம்ம தாலுகாவுலயே அடிச்சு குடுத்தாங்க, அதே டிசைன்தான். ஆனா ரொம்ப லேசா இருக்கு. பழசு இரும்புக்குண்டு கட்டுன மாதிரி இருக்கும்லா, இது மாட்டுனதே தெரியல. காத்தாலைல ஏறுறதுக்குப் பரீட்சை வச்சாங்க, பாஸாயிட்டேன். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு மொத ஏத்தம். எம்பது மீட்டரு. ஆறு வருசமா கீழ நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது போதும். எல்லாம் உன்னாலதாங்க்கா."

ரொம்ப லேசா இருக்கு.

நாள் 209 | 12:50

இந்த நிலையத்தில் அச்சிடுவதும் அதே பொது நூலகத்திலிருந்துதான். திறந்து பார்த்தேன். நாள் 96 அன்று நான் மாற்றியது இந்த நிலையத்துப் பிரதியை அல்ல. எல்லோருக்கும் பொதுவான மூல அமைப்பை; அதைத் திருத்தும் உரிமை எனக்கு உண்டு. வாரம் ஒருமுறை அது பூமியோடு தானாக இணையும். நூற்றுப் பதின்மூன்று நாளாக, அந்த நூலகத்தை நம்பி உலோகத்தில் எதை அச்சிட்டாலும், யார் அச்சிட்டாலும், உள்ளே இருபத்திரண்டு விழுக்காடு.

மூன்று மணிக்குத் தரைக்கட்டுப்பாடு பேசும்.

நாள் 209 | 15:30

பேசினேன். சொல்லவில்லை.

நாக்கு நுனிவரை வந்தது. மெஹருன்னிசா, ததேயுவுக்கு அவன் மனைவி நினைவுக்கூட்டம் ஏற்பாடு செய்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவங்க உங்களத்தான் பேசச் சொல்றாங்க மேடம்" என்றார். சரி என்றேன்.

மூல அமைப்பை நூறுக்கு மாற்றிவிட்டேன், ஞாயிறு இணைப்பில் போய்விடும். தம்பிக்கு மட்டும் நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி ஏறவிடாமல் செய்துவிடலாம். அச்சிட்டு மாட்டியவற்றை என்ன செய்வது என்று யோசிக்கக்கூட இல்லை. நான் கோழை. இதைத் திண்மமாகவே எழுதுகிறேன்.

நாள் 210 | 08:20

ஆன்டெனாத் தூண் சாய்ந்துவிட்டது. தாங்கு கொக்கி உடைந்திருக்கிறது. நாற்பத்தொன்றில் ஒன்று. நேற்று முழுக்க அது தட்டிக்கொண்டே இருந்தது. தரையோடு தொடர்பு இல்லை. நூலக இணைப்பும் இல்லை.

நேற்று மூன்று மணிக்குச் சொல்லியிருக்கலாம்.

நாள் 211 | 16:10

உள்ளிருந்து சாய்வைச் சரிசெய்ய எல்லா வழியும் பார்த்தாயிற்று. வெளியே போய்த்தான் கொக்கியை மாற்ற வேண்டும். மீதித் தூள் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் வரும். கொக்கி, அல்லது என் அங்கியின் கழுத்து வளையம்.

வளையத்தைக் கரண்டியால் தட்டினேன். முத்தாத தேங்காய்.

இந்த வளையத்தோடு ஐந்து முறை வெளியே போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ததேயுவின் கதவும் ஐந்து முறை தாங்கியது.

வெளியே போகாமல் இருந்தால் எனக்கு ஆபத்தில்லை. கலம் வரும்வரை காற்று இருக்கிறது, சோறு இருக்கிறது. திங்கள் எட்டு மணியும் வரும்.

நாள் 212 | 10:00

கொக்கியை அச்சிடுகிறேன். நூறு விழுக்காடு. இருபது மணி நேரம் ஆகும்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அடுக்கின் மேல் அடுக்காக வளர்கிறது. இந்த எந்திரத்தை எனக்கு இன்னமும் பிடிக்கிறது. அது ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதைச் செய்தது.

நாள் 213 | 06:25

திங்கள். கொக்கி தயார். தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். ததேயு இருந்தால் தலையாட்டியிருப்பான்.

ஆன்டெனா பூமியை நோக்கியதும் தானாகப் போகும்படி இரண்டு செய்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று தரைக்கட்டுப்பாட்டுக்கும் ததேயுவின் மனைவிக்கும்: நாள் 96 முதல் நடந்தது அத்தனையும், ஒரு சொல் விடாமல். நூலகத்திலிருந்து எடுத்தவர்கள் யாராக இருந்தாலும் பாகத்தைக் கழற்றிக் காசால் தட்டிப் பாருங்கள், எப்படி ஒலிக்கும் என்பதற்கு இரண்டு செய்தியிலும் ஒலிப்பதிவு இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று: செண்பகா, ஏறாத. அந்தக் காலைக் கழட்டி வையி. நான் உன்ன ஏமாத்திட்டேன்.

இதை எடுப்பவருக்கு: வெளிக்கதவை நம்பலாம். தாழ்ப்பாள் புதிது.

பயமாக இருக்கிறது. போகிறேன்.

நாள் 213 | தானியங்கிப் பதிவு

06:52 வெளிக்கதவு திறந்தது. மூடியது.

07:41 ஆன்டெனா: பூமி நோக்கி. சேமித்த செய்திகள் 2: அனுப்பப்பட்டன.

07:43 அங்கி, கழுத்து வளையம்: அழுத்தக் குறைவு.

07:44 அங்கி: தொடர்பில்லை.

07:58 பெறப்பட்ட செய்தி, செண்பகராஜ்: "எக்கா, ஏணில காலு வைக்கப் போனேன், கூப்ட்டு நிறுத்திட்டாங்க. கழட்டித் தட்டிப் பாத்தேன், நீ அனுப்புன சத்தம் மாதிரியேதான் கேக்கு. நான் நல்லாருக்கேன், அழாத. எக்கா, நீ போட்டுருக்கதையும் தட்டிப் பாத்தியா?" வாசிக்கப்படவில்லை.

08:20 பெறப்பட்ட செய்தி, தரைக்கட்டுப்பாடு: "மேடம், லைன்ல வாங்க. நூலகத்துலருந்து ஒம்பதாயிரத்துச் சொச்சம் தடவ இறக்கியிருக்காங்க. காலு, இடுப்பு மூட்டு, பஸ் பிரேக்கு. யாரு, எந்த ஊருன்னு ஒண்ணும் தெரியாது, நாம பேரு கேக்கவே இல்லியே. மேடம், கேக்குதா?" வாசிக்கப்படவில்லை.

08:31 வெளிக்கதவில் அதிர்வு. இரண்டு. இடைவெளி. ஒன்று.

08:31 வெளிக்கதவுப் பாகங்கள் சோதனை: தாழ்ப்பாள், கீல், முழுத்திண்மம். சுருக்கம் இல்லை. பழுது இல்லை.

08:32 வெளிக்கதவில் அதிர்வு. இரண்டு. இடைவெளி. ஒன்று.