பட்டு எங்கள் பள்ளியிலேயே இருக்கிறாள்

அன்பு மகளுக்கு,

அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், போனில் என்றால் நீயே பேசி முடித்துவிடுகிறாய், எனக்கு இடமே கிடைப்பதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்.

பள்ளிக்கூடத்துச் சேதிதான் பெரிது. நான் பொறுப்பில் இருக்கும் மழலையர் பள்ளியில் இந்த வருடம் ஒரு குழந்தையைச் சேர்த்தேன், பட்டு என்று கூப்பிடுகிறோம், நாலு வயது, பேச்சு இன்னும் வரவில்லை, விளையாட்டை நிறுத்தி உள்ளே வா என்றால் போதும், தரையில் விழுந்து அலறுவாள். வகுப்பு டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண், ஒரு நாள் கையில் பல் தடத்தோடு என் அறைக்கு வந்து, "ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும், என்னால முடியலம்மா" என்று அழுதுவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, இரண்டு பேரையும் விட மனசில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகளை எல்லோரோடும் சேர்த்து வைத்துக்கொள்ள டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவை வரவழைத்தேன்.

அந்த அம்மா வந்ததும் பாடம் எதுவும் நடத்தவில்லை. எங்களையெல்லாம் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, யாருக்கும் புரியாத ஏதோ ஒரு பாஷையில் படபடவென்று உத்தரவு போட்டார், நாங்கள் முழிக்க முழிக்கச் சத்தம் போட்டார், கையிலிருந்த கலர் பென்சிலை வெடுக்கென்று பிடுங்கினார். நான் நாற்காலியில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் பார்த்தால் சின்ன டீச்சருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "எனக்கே கடிக்கணும் போல இருந்துச்சும்மா" என்றாள்.

அப்புறம் அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடி, சின்ன டீச்சர் அடுத்தது என்ன என்பதைப் படம் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள், ஊஞ்சல் படம், கை கழுவும் படம், சாப்பாட்டுப் படம் என்று, பட்டுவுக்கு மட்டுமில்லை, வகுப்புக்கே. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, பட்டு படத்தைக் கசக்கி எறிந்த நாளும் உண்டு. ஆனால் போன வாரம் அவளே ஊஞ்சல் படத்தை எடுத்து வந்து டீச்சர் கையில் திணித்தாள். பாட்டு நேரம் என்றும் பார்க்காமல் டீச்சர் மொத்த வகுப்பையும் ஊஞ்சலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், நானும் கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். எப்போது அழைத்துப் போகச் சொல்வோமோ என்று, சேர்த்த நாள் முதல் பட்டுவின் அம்மா கேட்டுக்கு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். நேற்று டீச்சரே போய், "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, சாயங்காலம் வந்தா போதும், நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். சாயங்காலம் பட்டுவின் அம்மா தலை கலைந்து, முகம் வீங்கி, ஓட்டமாக வந்து நின்றாள். நான் பதறிப்போய் என்னம்மா ஆச்சு என்றால், "தூங்கிட்டேங்க" என்று வெட்கமாகச் சிரிக்கிறாள்.

நோய் நொடி இல்லாமல், மனசுபோல இரண்டு பேரும் நிறைவாக வாழ எங்கள் ஆசி. பல் டாக்டரைப் போய்ப் பார், மாத்திரையிலேயே காலம் தள்ளாதே.

என்றும் உன் நினைவாகவே,
அம்மா