ஒன்பதாவது கேசட்டும் உன் சர்வரும்

மாப்ள,

உன் அம்மா இன்று காலை, நீ விட்டுப்போன கேசட் கடைக்கு வந்தார்கள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு கேசட்டை மேஜை மேல் வைத்தார்கள். உறையைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ஏற்காட்டுப் பனி புகுந்த கேசட்டின் வாடை, நனைந்து காயாத கோணி மாதிரி. இதுவரை கேசட் துடைக்க உன் கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இருக்கும்போதுதான் அதை நான் முகர்ந்திருக்கிறேன்.

"பீரோவுக்கு அடியில கெடந்துச்சு கண்ணு. அவங்கத்தா பேசி அனுப்புனதுல ஒம்பதாவது. அவன் கண்ணுல படாமயே போயிருச்சு. கம்ப்யூட்டர் பொட்டியில ஏத்தி வெச்ச எட்டோட இதையும் சேத்துரு. நாளைக்கு மத்தியானம் வாரேன், எல்லாத்தையும் ஒருக்கா கேக்கோணும்."

"சரிங்கம்மா."

அந்த எட்டும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. நீயும் அது தெரியாமலே போய்விட்டாய். ஒரு வருஷம் ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எட்டும் ஏறியிருந்த அந்தக் கம்ப்யூட்டர், வெள்ளக்கடை எஸ்டேட் ஆபீசில் கழித்துக் கட்டியது. அங்கே கணக்கெழுதும் ரைட்டர் கையைக் காலைப் பிடித்து நீதான் வாங்கினாய். சாக்குப் போர்த்தி மொபெட்டில் கட்டி, வெள்ளக்கடையிலிருந்து உன் கேசட் கடைக்கு இரண்டு பேரும் கொண்டுவந்தோம். போட்டுப் பார்த்தால் உள்ளே ஓடியது வீட்டுச் சிஸ்டம் இல்லை, ஆபீசுக்கான சர்வர் சிஸ்டம். பத்து கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்க வேண்டியதை நாம் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொண்டோம். மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்திப் பாஸ்வேர்ட் சொன்னால்தான் உள்ளே விடும். அதிலிருந்து சத்தம் வரவைக்கவே உனக்கு ஒரு மாதம் ஆனது.

எனக்கு அது ஆகவே ஆகாது. எதிரில் உட்கார்ந்திருப்பவன் மேல் அதற்குத் தனி அக்கறை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ பின்னால் ஏதோ வேலை செய்துகொண்டே இருக்கும், நம் படம் திக்கித் திக்கி நிற்கும்.

"கதாநாயகி ஓடி வந்து சேர்றதுக்குள்ள கெழவி ஆயிருவாடா மாப்ள. இதத் தூக்கிப் போட்டுட்டு, ஊட்டுக்குன்னு வருதே, அந்தச் சிஸ்டத்தப் போடலாம்."

"அது ஒரு நாளைக்கு மூணு தரம் நிக்கும்டா. இது விழுகாது."

"பாலிடெக்னிக்க ரெண்டாம் வருசத்துல உட்டுட்டு வந்தவன் நான். எனக்கெதுக்குடா சர்வரு?"

"நின்ன எடத்துல நிக்கறது எப்புடின்னு அதுகிட்டக் கத்துக்கோ."

அதற்கு நான் உன்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் நீ ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுதாய் என்பது பிறகுதான் புரிந்தது. உன் அப்பா, நீ அத்தா என்று கூப்பிடுவாயே, அவர் வளைகுடாவிலிருந்து கடிதம் போடவில்லை, கேசட்டில் பேசி அனுப்பினார். அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார். வீட்டில் மிஞ்சியது அந்தக் கேசட்டுகள்தான். எல்லாவற்றிலும் பூஞ்சை. அப்படிப்பட்ட நாடா ஒரே ஒரு தரம்தான் ஓடும், ஓடும்போதே டேப் ரிக்கார்டரின் ஹெட்டில் பழுப்புப் பொடியாக உதிரும். குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஐம்பதாவது நிமிஷத்தில் அது நின்றுபோனால் மறுபடி ஓட்ட நாடா இருக்காது. அதனால்தான் சர்வர். எட்டும் ஏறி முடியும்வரை அது ஒரு தரம்கூட நிற்கவில்லை. உதிர்ந்த நாடாக்களை நீ ஏரிக்கரைக் குப்பையில் போட்டாய். "சேலத்துல சிடியில ஏத்தி வாங்கிட்டு வந்துரோணும்" என்று வாராவாரம் சொன்னாய். வாராவாரம் போகவில்லை.

மஞ்சள் காமாலை முற்றி நீ சேலத்தில் படுத்த வாரம் அது. கடையில் நான் மட்டும். நீ திரும்பி வரும்போது படம் திக்காமல் ஓட வேண்டும் என்று ஆசை. சர்வரைத் தொடாமல் பக்கத்தில் வீட்டுச் சிஸ்டத்தைப் போடலாம் என்று பிளாப்பியைச் செருகினேன். டிஸ்க்கில் இரண்டு பகுதி இருந்தது. முதலாவதில் சர்வர். இரண்டாவதற்குப் பெயர் இல்லை, சி, டி என்று எழுத்தும் இல்லை. சர்வர் தன் முறையில் எழுதி வைத்ததை அந்தப் பிளாப்பிக்குப் படிக்கத் தெரியாது. அது காலி என்று சொல்லவில்லை மாப்ள. 'எனக்குத் தெரியாதது' என்றுதான் சொன்னது. காலி என்று படித்தவன் நான். அழிக்கட்டுமா என்று கேட்டது. அழி என்றேன். இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும்.

அன்றைக்குப் படம் திக்காமல் ஓடியது. சிரித்துக்கொண்டே பார்த்தேன்.

மறுநாள் அம்மா மூலம் நீ சொல்லி அனுப்பினாய், அத்தாவின் ஏழாவது கேசட்டைப் புதுக் கேசட்டில் பதிந்து எடுத்துக்கொண்டு வா, படுக்கையில் கேட்கணும் என்று. தேடினேன். எட்டும் இருந்த இரண்டாவது பகுதி முழுக்க நான் போட்ட வீட்டுச் சிஸ்டம். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவனிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனேன். "அதுக்கு மேலயே எழுதிட்டியேடா, இனி வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

குப்பனூர் வழியாகப் பஸ் பிடித்து சேலம் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வந்தேன். உன் கண் மஞ்சளாக இருந்தது. என் கையைத்தான் முதலில் பார்த்தாய்.

"எங்கடா?"

"மலையில ரெண்டு நாளா கரண்ட் இல்லடா மாப்ள."

"சர்வரு விழுந்துச்சா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுது."

அது பொய்கூட இல்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீ சிரித்தாய். "அதான்டா சொன்னேன். கரண்ட் வந்ததும் எடுத்துட்டு வா."

மூன்றாம் நாள் நீ இல்லை. செய்தி வந்தபோது கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் வீட்டுச் சிஸ்டம் கிடையாது. இன்று மதியம் அதைக் கழற்றி எறிந்தேன். சர்வர் மட்டும்தான். ஒன்பதாவதையும் ஒரு தரம்தான் ஓட்ட முடியும். ஹெட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். கேசட்டை மட்டும் இன்னும் போடவில்லை.

ஓட்டிவிட்டு, அவர் குரலைக் கேட்டு அம்மா அழுது முடித்த பிறகு, எட்டும் போன கதையைச் சொல்லலாம். மன்னித்துவிடுவார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் செய்யக் கூடாது. அது உன் அத்தாவின் குரலை எடுத்து என் தப்புக்கு விலை கொடுப்பது. முதலில் சொல்வேன். சொன்ன பிறகும் "போடு" என்றால் போடுவேன். கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போனால், போகட்டும். உன்னிடம் சொல்லியிருக்க மூன்று நாள் இருந்தது எனக்கு. அதற்கு இதெல்லாம் ஈடு இல்லை.

ஏழாவது கேசட் ஏறும்போது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நினைவில் நின்றதை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். பதினோரு வரி வந்தது. உனக்குச் சைக்கிள் வாங்கி வைத்திருப்பதாக ஒன்று. இருமல் ஒன்று, அதையும் எழுதியிருக்கிறேன். கடைசியில் அங்கே மழையே இல்லை என்றுவிட்டு, "நம்மூர்ல மூடுபனி எறங்கிருச்சா கண்ணு?" என்று கேட்பாரே, அது. தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அம்மா கேட்டால் கொடுப்பேன்.

இதை எழுதும்போதே ஏரி மறைந்துவிட்டது. எதிர்க்கடை தெரியவில்லை. அத்தாவிடம் சொல்லு மாப்ள. எறங்கிருச்சு.