ஓரத்து மேஜையிலிருந்து ஒரு கத்தல்

ஜனவரி 9
வர்ணனையாளர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். மனைவி பயணப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டாள். இனி இறக்கவே கூடாதாம், உத்தரவு. நாடு நாடாக அணி மாறிக் கூடைப்பந்து ஆடியவனுக்கு இனி வாய்தான் பிழைப்பு.
நாளை, ஒட்டகம் என்று நான் கூப்பிடும் நண்பனின் ஆட்டம். பல அணிகளில் என்னோடு ஆடியவன். இன்னும் விடாமல் ஆடுகிறான், கிழட்டு ஒட்டகம்!

ஜனவரி 10

வர்ணனை மேஜை ஆடுகளக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. ஒட்டகம் ஒருவனைத் தடுத்தபடி பின்வாங்கி வந்தான். அவன் பார்க்காத பக்கத்தில் எதிரணித் தடியன் ஒருவன் வழிமறித்து நின்றான். ஆடிய நாட்களில் இதைக் கத்திச் சொல்வது என் வேலை. மைக் முன்னால் இருப்பதே மறந்துபோய், "இடப்பக்கம்டா!" என்று கத்திவிட்டேன். சட்டென்று திரும்பினான். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்கால் போன சத்தம் எனக்கே கேட்டது.
எவன் கேட்டான் என்னை? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையே எனக்கு!

ஜனவரி 11
தயாரிப்பாளர் தோளில் தட்டினார். "அந்தக் கத்தல் பிரமாதம் சார். என்ன ஈடுபாடு!" ரசிகர்கள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்களாம். அவன் என் குரலுக்குத்தான் திரும்பினான் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

ஜனவரி 15
போன் செய்தேன். அவன் மனைவி எடுத்தாள். "தூங்குறார்ண்ணா." பின்னால் அவன் இருமுவது கேட்டது.

ஜனவரி 16
தூங்குகிறானாம்.

பிப்ரவரி 2
அறுவை சிகிச்சை முடிந்தது. மருத்துவர் பிடிகொடுத்துப் பேசவில்லையாம். அவன் மறுபடி ஆட வேண்டும். வேறெதுவும் மனதில் ஓடவில்லை. ஆட முடியாமல் போனால் நடந்ததை நேரலையிலேயே சொல்லிவிடப் போகிறேன். மனைவியிடம் சொன்னேன். "வேலை போயிடுமே" என்றாள். போகட்டும்.

மார்ச் 20
அவனே கூப்பிட்டான்.
"முடிஞ்சுதுடா. இனிமே ஆடக் கூடாதாம்."
"நான் கத்தாம இருந்திருந்தா—"
"தெரியும். கொஞ்ச நாள் உன்மேல கொலைவெறியில இருந்தேன்."
"எல்லாத்தையும் மைக்லயே சொல்லிடறேன்டா."
"சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டேன். நான் ஓய்வுன்னு நாளைக்கு நீதான் அறிவிக்கணும். முழங்கால் காயம், அவ்வளவுதான். மேல ஒரு வார்த்தை சேர்த்தே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். ஊர் ஊரா அலைஞ்சு இப்பதான் ஒரு இடத்துல உக்காந்திருக்கே. நான் ஒருத்தன் வீட்ல கிடக்கறது போதாதா?"
போனை வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 21
இடைவேளையில் அறிவித்தேன், அரங்க ஒலிபெருக்கியிலும் கேட்கும்படி. முழங்கால் காயம் காரணமாக ஓய்வு பெறுகிறார் என்றேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.
விளம்பரம் போட்டார்கள். அது முடிந்ததும் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை வர்ணித்து முடித்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.