கழன்று விழுந்த ஒரு 'ங்க'

9-8-1994, செவ்வாய்

மாதர் சங்கத்தில் சேர்ந்து பத்து வருடத்தில் நான் கற்றது ஒன்றுதான்: ஒரு 'ங்க' சேர்த்துச் சிரித்தால் யாரையும் குத்தலாம். கற்றுத் தந்தவள் தலைவி சரோஜா. எனக்கென்று சொல்லி வைத்திருந்த செயலாளர் பதவியை இன்று ஆண்டு விழாவில் தன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, "அம்மணி, உங்களுக்கு நன்றியுரைதானுங்க பொருத்தம். சிரிப்பாப் பேசுவீங்க" என்றாள்.

சங்கத்துக் கோமாளி நான்தானே, பேசினேன். "தலைவியம்மா போன வருசம் பேசுனதையே ஒரு சொல் மாறாமப் பேசுனாங்க. அந்த ஞாபகசக்திக்குக் கை தட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். மருமகள்தான் பலமாகத் தட்டினாள்.

"போதும், உக்காரு" என்றாள் சரோஜா. 'ங்க' இல்லை.

பதவி போனது போனதுதான். உக்கடம் வரை பஸ்ஸில் உட்கார இடமில்லை. அந்த 'உக்காரு'வை நினைத்து, நின்றபடியே சிரித்துக்கொண்டு வந்தேன்.