என் ரோபோவுக்கு அவன் வாங்கிய கைதட்டல்

சனிக்கிழமை, இரவு

எத்தனையோ நாளாகக் காத்திருந்த விண்வெளிப் படத்தை ரஃபீக் மதுரையில் முதல் நாளே பார்த்துவிட்டானாம். டியூஷன் வாசலில் கோட்டையூர் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு எல்லாரும் அவனையே மொய்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நானும் பார்த்ததாகப் புளுகினேன்.

"கடைசியில ரோபோ தன் பேட்டரியக் கழட்டி ஹீரோவுக்குக் குடுக்கும் பாரு, அங்க அழுதுட்டேன்டா."

அந்தக் காட்சி அப்போதுதான் என் வாயில் பிறந்தது. ரஃபீக் மாட்டிவிடுவான் என்று பயந்தேன்.

அவனோ, "அய்யோ, அந்த சீனு! தியேட்டரே அழுதுச்சுடா மாப்ள" என்று ரோபோ மாதிரியே சரிந்து காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள், அவனுக்கு.

பாவி, அவனும் படம் பார்க்கவில்லை, படம் காட்டுகிறான்! வெளியே சொன்னால் நானும் மாட்டுவேன். அதுகூடப் பரவாயில்லை. என் பொய்யை என்னைவிட நன்றாக நடித்துவிட்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.