சாப்பிட்டியா என்று கேட்ட குற்றம்

செப்டெம்பர் 20, சனி

காலையிலிருந்து தூறல். மகள் அபியின் தமிழ் வகுப்புக்குப் பிந்திவிட்டோம். குட்மேய்ஸ் முழுக்கச் சுற்றியும் கார் நிறுத்த இடமில்லை.

வகுப்பு முடியும்வரை மண்டபத்துக் குசினியில் பெற்றோருக்குத் தேநீர். வழக்கமாக வீட்டு விலை பேசுவோம். இந்த மாதம் பள்ளிக்கூடப் பேச்சுத்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு மூலையில். அடுத்த மாத முடிவுக்குள் ஏழாம் ஆண்டுக்கு எந்தெந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வரிசைப்படி கவுன்சிலுக்குச் சொல்லியாக வேண்டும்.

எல்லார் வாயிலும் அந்தப் புது அகாடமிப் பள்ளிக்கூடம். வதனி அக்காவின் மகள் துஷா அங்கே எட்டாம் ஆண்டு, ஆகவே இந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"ஒரு சத்தம் இல்லை. ஊசி விழுந்தாக் கேக்கும். துஷா எப்பிடி மாறிட்டாள் தெரியுமே? இப்ப எதிர்த்துக் கதைக்கிறதே இல்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

வியாழன் எனக்கு லீவு, போய்ப் பார்க்கப் போகிறேன் என்று வாயைவிட்டேன். தமிழ்ப் பள்ளிச் செயலாளர் குகன் அண்ணை பிடித்துக்கொண்டார். "பிள்ளை, நீர் வடிவாப் பாத்திட்டு வந்து அடுத்த சனி எல்லாருக்கும் சொல்லும். இவையளுக்கு லீவு எடுக்க ஏலாது." மருந்துக்கடையில் வேலை செய்பவள் எதையும் சரியாகப் பார்ப்பாளாம். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அரிசி, உழுந்து, அபிக்கு இருமல் மருந்து. மறக்கக்கூடாது.

செப்டெம்பர் 24, புதன்

வேலை முடிந்து நேரே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பழைய பள்ளிக்கூடம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

கழிவறை நாற்றம். ஒரு யன்னலில் கண்ணாடிக்குப் பதில் பலகை. கொரிடோரில் சந்தை இரைச்சல். ஒரு பையன் புத்தகப் பையால் என் தோளில் இடித்துவிட்டு, "சொறி மிஸ்" என்று கத்திக்கொண்டே ஓடினான். சுற்றிக்காட்டிய ஆசிரியைக்கு எதிரே வந்த பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்திருந்தது. ஒருத்தியிடம், "உன் அம்மாவுக்கு இப்போ எப்படி?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். பரீட்சை முடிவுகள் சுமார்.

இரவு கணவர் ஜெயனுக்குச் சொன்னேன். "நாற்றம் எண்டு நீரே சொல்லுறீர், பிறகென்ன?" என்றார்.

செப்டெம்பர் 25, வியாழன்

ஒழுங்காக எழுத முயற்சிக்கிறேன்.

முதலில் நல்லவை. ஆய்வுகூடம் புத்தம் புதிது. கழிவறை எங்கள் வீட்டை விடச் சுத்தம். பின்னம் படிப்பித்த ஆசிரியை மகா கெட்டிக்காரி, எனக்கே இன்றுதான் விளங்கியது. பிரின்சிபல் இளவயது. சூட்டும் வெள்ளை ஓட்டச் சப்பாத்துமாக பார்க்க வந்த பெற்றோருக்கெல்லாம் சுற்றிக்காட்டினார். "இங்கே ஒரு நிமிடமும் வீணாவதில்லை" என்று வாசலிலும் சொன்னார், மாடியிலும் சொன்னார்.

கொரிடோரில் பிள்ளைகள் ஒற்றை வரிசையில், வாய் திறக்காமல். ஒரு சின்னவளைப் பார்த்துச் சிரித்தேன். பயந்துபோய் நிலத்தைப் பார்த்தாள்.

பிறகு ஓர் அறை. விதி மீறின பிள்ளைகளுக்குச் சிந்திக்கும் அறையாம். அதையும் ஆய்வுகூடத்தைக் காட்டிய அதே பெருமையோடு திறந்து காட்டினார். சுவரைப் பார்த்தபடி மேசைகள், இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு. மேசைக்கு ஒரு பிள்ளை. நாள் முழுக்க. சாப்பாடும் அங்கேயே. கதைக்கக்கூடாது, திரும்பக்கூடாது.

கதவுச் சத்தத்துக்கு ஒரு பிள்ளை திரும்பிவிட்டாள். துஷா.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாலு வயதிலிருந்து தெரிந்த பிள்ளை. அவளைக் கண்டால் நான் என்ன கேட்பேன்? எங்கள் ஆட்கள் யாரும் என்ன கேட்பார்கள்?

"துஷா, சாப்பிட்டியா அம்மா?"

பிள்ளை எழும்பி நின்றாள். பெரியவர்கள் கேட்டால் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும் என்று நாங்கள்தானே சனிக்கிழமைகளில் தொண்டை கிழியப் படிப்பிக்கிறோம். "ஓம் அன்ரி. சாப்பிட்டிட்டன்."

மூலையில் காவலுக்கு இருந்த பெண் தன் டாப்லெட்டில் ஏதோ தட்டினார். கதைத்ததற்கும் எழும்பியதற்கும் நாளைக்கும் இதே அறை என்றார். துஷா மெல்ல இருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

பிரின்சிபலிடம் சொன்னேன்: கேட்டது நான், அவள் பதில்தான் சொன்னாள், எங்களிடம் பெரியவர் கேட்டுப் பிள்ளை பேசாமல் இருந்தால் அது அவமரியாதை. உங்கள் பண்பாட்டை மதிக்கிறேன் என்றார். மதித்துவிட்டு, விதி எல்லாருக்கும் ஒன்று, அது அவள் எடுத்த முடிவு என்றார்.

அப்படியென்றால் என்னையும் அந்தப் பெட்டிக்குள் போடுங்கள் என்றேன். கூட வந்த பெற்றோர் சிரித்தார்கள். பகிடியாம். அறைந்திருப்பேன்.

இரவு ஜெயன்: "விதி எண்டா விதிதானே. எங்கட வாத்தி பிரம்பால வெளுத்தவர். நாங்கள் கெட்டா போனம்?"

"நீங்கள் இப்பவும் அந்த வாத்தியைக் கனவில கண்டு எழும்புறியள்."

போய்ப் படுத்துவிட்டார்.

செப்டெம்பர் 26, வெள்ளி

வேலையில் ஒரு கிழவருக்கு மாத்திரைப் பையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். நல்ல காலம், பார்மசிஸ்ட் கண்டுவிட்டார்.

மத்தியானம் வதனி அக்காவின் போன். அழுவார் என்று நினைத்தேன். ஏசினார்.

"ஏன் ஆரணி அவளோட கதைச்சனீர்? உம்மால இண்டைக்கும் பிள்ளை உள்ளுக்கு."

மன்னிப்புக் கேட்டேன். மனமாரத்தான். பிறகு, முதலில் எதற்காக உள்ளே போட்டார்கள் என்று கேட்டேன்.

"பிந்திப் போறவள். எனக்கு விடியவே வயசானவையின்ர கெயார் ஹோமில ஷிப்ட். தம்பியைப் பிறைமறிப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டுத்தானே அவள் போகவேணும்."

"அதைப் பள்ளிக்கூடத்தில சொன்னனீங்களே?"

"சொன்னனான். வேற ஏற்பாடு செய்யச் சொல்லினம்."

"பிள்ளை அழுறவளே?"

"முந்தி அழுதவள். இப்ப இல்லை."

இதைத்தான் அந்த மனுசி சனிக்கிழமை எதிர்த்துக் கதைக்கிறதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். எங்களை ஏன் ஏமாற்றினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே:

"நாளைக்கு அங்க சொல்லிப்போடாதையும். எங்கட ஆக்கள் பள்ளிக்கூடத்தை ஒண்டும் சொல்லமாட்டினம். துஷாவைத்தான் சொல்லுவினம்."

பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

யார் மீது கோபம்: பிரின்சிபல். டாப்லெட் மனுசி. வதனி அக்கா. ஜெயன். விசாரிக்காமல் தலையாட்டிய நாங்கள் எல்லாரும்.

இருமல் மருந்து வாங்கவில்லை.

செப்டெம்பர் 27, சனி

நல்ல வெயில். அதுவும் எரிச்சலாக இருந்தது.

குசினியில் எல்லாரும் காத்திருந்தார்கள். இரண்டு பள்ளிக்கூடத்தையும் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆய்வுகூடம், கழிவறை, பின்னம், கொரிடோர். பிறகு அந்த அறை. பெயர் சொல்லவில்லை. வதனி அக்கா எங்களுக்கு முதுகு காட்டிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

சிவா என்றொரு தகப்பன், கணக்காளர், இரண்டு வீடு. "அந்த அறைக்குள்ள ஆர் போறது? எங்கட பிள்ளையள் போகமாட்டினம். அது வேற ஆக்களின்ர பிள்ளையளுக்கு."

சிரிப்பு. வாக்குக் கொடுத்த வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

வதனி அக்கா தண்ணீரை நிறுத்தினார். திரும்பினார். கையெல்லாம் சவர்க்கார நுரை.

"என்ர பிள்ளை போறவள்."

யாரோ மெதுவாக, "என்ன செய்தவ?"

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. நான் கத்திவிட்டேன். "பிந்திப் போனவ! தம்பியைக் கொண்டுபோய் விட்டிட்டுப் பிந்திப் போனவ! நான் கேட்டதுக்கு மரியாதையாப் பதில் சொன்னவ!" பக்கத்து வகுப்பில் பாட்டு நின்றுவிட்டது.

குகன் அண்ணை கையைக் காட்டினார். "சரி பிள்ளை, ஆத்திரப்படாதையும். அது கிடக்கட்டும், றிசல்ட் எப்பிடி?"

றிசல்ட் நல்லது அண்ணை. மிக நல்லது. சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கார் அருகே இன்னொரு தாய் ஓடிவந்தார். மகன் அங்கே ஒன்பதாம் ஆண்டு. "என்ர மகனும்தான்" என்றார், காதுக்குள். உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை உதறவும் மனம் வரவில்லை, அதுவும் கோபம்.

வதனி அக்கா ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டிருந்தார். இரண்டு தரம் அழைத்தேன். போன் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 28, ஞாயிறு

வானம் மூட்டம். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு.

சாப்பாட்டு மேசையில் மறுபடியும் சண்டை. ஜெயனுக்கு அகாடமிதான் முதல் தெரிவு. பழைய பள்ளிக்கூடத்தை மூன்றாவதாகக்கூடப் போட மனமில்லை.

"அபி அமைதியான பிள்ளை. அவளுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

"துஷாவும் அமைதியான பிள்ளைதான்."

"அது தாயின்ர ஷிப்டால வந்த பிரச்சினை. எங்களுக்கு அப்பிடி இல்லையே."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். அபி இவ்வளவு நேரமும் புட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். தமிழ் வகுப்பிலும் பிள்ளைகள் கதைத்திருப்பார்கள்.

"அம்மா, நான் அங்க போனா, நீங்கள் வந்து என்னைக் கண்டா கதைக்காதேங்கோ, ஓகே? அப்பாவும்தான். ப்ளீஸ். நான் பதில் சொல்லாட்டி கோவிக்காதேங்கோ."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஏற்கனவே பழகத் தொடங்கிவிட்டாள்.

"பிள்ளை சொல்லுறாள், பதில் சொல்லுங்கோ" என்றேன் ஜெயனிடம். கத்தித்தான் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.