பெரிய டாக்டரிடம் நான் மாற்றிச் சொன்னது

என் சூசைக்கு, என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே நான் மச்சான் என்று கூப்பிட்டவனுக்கு,

நீ போய் ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகிவிட்டன. இதை உன் கல்லறையில் வந்து சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வந்தேன். சிலுவையைச் சுற்றி முளைத்திருந்த லாலாங் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டேன். செத்தவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். சிங்கப்பூரில் அச்சாகும் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் லயத்தில் யாராவது அதைச் சத்தமாக வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

நம்மைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெக்கோக்குக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒட்டினாற்போல் கட்டிய கூலி வீட்டு வரிசையில், வளர்ந்தவர்கள் நாம். பாதிரியார் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்ததால் நான் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் ஆனேன். காயத்துக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன். மாதம் ஒரு முறை வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் வரும்போது, நோயாளி தமிழில் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்வேன். நீ பால்மரம் வெட்டினாய், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. என் தங்கை லூர்துவைக் கட்டினாய்.

உன் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியபோது நீ யாரிடமும் சொல்லவில்லை. காலையில் உனக்குச் சட்டைப் பொத்தானை லூர்து போட்டுவிடுவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. புதுப் பெண்டாட்டி மாதிரி கொஞ்சுகிறாளே என்று கேலி செய்தேன். நீ சிரித்தாய். அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கால். கீல்வாதம் என்று நான் பெயர் சொன்னேன். பெயர் சொன்னதைத் தவிர நான் உனக்கு வேறென்ன செய்தேன்? செய்ததெல்லாம் நீதான்.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பதற்கு முன்பே நீ எழுந்து, லூர்து காய்ச்சி வைத்த வெந்நீரில் உப்புப் போட்டு இரண்டு கைகளையும் ஊற வைப்பாய். தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுவாய். அதன் பிறகு லூர்து தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுவாள். மெல்லிய கத்திப்பிடியைப் பிடிக்க முடியவில்லை என்று அதன்மேல் பழைய துணியைச் சுற்றி, ரப்பர் பாலை ஊற்றிக் காயவைத்துப் பருமனாக்கினாய். பால் வாளியை விரலில் தூக்காமல் முழங்கையை மடித்து அதில் மாட்டிக்கொண்டாய். சில மரங்கள் வெட்டியதும் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவாய். குனிந்து வெட்டும் மரங்களை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, நின்றபடி வெட்டும் மரங்களை வாங்கிக்கொள்ளக் கங்காணியிடம் கெஞ்சினாய்.

"இதெல்லாம் வைத்தியம் இல்லடா" என்றேன் ஒருநாள்.

"வைத்தியம்னு யாரு சொன்னா? வலி எங்கூடத்தான குடியிருக்கு. அதுகூட எப்படிக் காலந்தள்றதுன்னு நான்தான கத்துக்கணும்" என்றாய். அப்புறம் ஒன்று சொன்னாய்: "வலிக்கிற நாள விட, வலி கொறஞ்ச நாள்லதான் மச்சான் ஜாக்கிரதையா இருக்கணும். இன்னிக்கி நல்லாருக்கேன்னு எல்லாத்தையும் வெட்டிட்டா, நாளைக்கி எந்திரிக்க முடியாது."

எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத விஷயம் அது. காதில் வாங்கிக்கொள்ளவில்லை. உன் கத்திப்பிடியைப் பார்த்துச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

ரப்பர் விலை விழுந்தது. பாதித் தோட்டத்தைச் சும்மா போட்டார்கள். வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். சீக்காளிகளின் பெயர்களை எழுதித் தா என்று துரை என்னிடம் கேட்டார். உன் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் உன் கையைப் பார்க்கக் கண் உள்ளவன் எவனுக்கும் தெரியும். உங்கள் இருவருக்கும் அந்தக் கரையில் யார் இருந்தார்கள்? நான் பயந்தேன். உன்னைச் சீக்கிரம் குணமாக்கிக் காட்டிவிட வேண்டும் என்று துடித்தேன்.

இதைச் சாக்குச் சொல்வதற்காக எழுதவில்லை. பயம் பாதிதான். மீதிப் பாதி என் தலைக்கனம்.

பெரிய டாக்டர் அந்த மாதம் புதிதாக ஒன்று சொன்னார். மூட்டு நோய்க்கு வேர் மூட்டில் இல்லை, பல்லில் இருக்கிறது. பல்லின் அடியில் ஒளிந்திருக்கும் சீழ் ரத்தத்தில் கலந்து மூட்டுக்கு வருகிறது. பற்களை எடுத்துவிட்டு, மூட்டுகளை அசையாமல் பலகை வைத்துக் கட்டினால் சரியாகும் என்றார். சீமையில் பெரிய பெரிய டாக்டர்கள் செய்வது என்றார். 'உனக்குப் புரிகிறது, நீ கெட்டிக்காரன்' என்று என் தோளைத் தட்டினார். நான் உன்னைக் கூட்டிவந்து நிறுத்தினேன்.

இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது, சூசை.

அவர் உன் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டும். இவனுக்குச் சம்மதமா என்று கேள்" என்றார். ஆமாம். அவர் கேட்டார். உன்னைக் கேட்கச் சொன்னார்.

நான் உன்னிடம் சொன்னேன். நீ பதறவில்லை. நிதானமாகத்தான் பேசினாய்.

"வேணாம் மச்சான். பல்லுல எனக்கு ஒரு நோவும் இல்ல. கரும்ப இன்னும் பல்லாலதான் உரிக்கிறேன். கைதான் வலிக்குது, அதுவும் சுடுதண்ணியில கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வருது. நின்னு வெட்டுற மரமாவே குடுக்கச் சொல்லி தொரைக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லு. அது போதும்."

எவ்வளவு தெளிவான பதில்! இங்கிலீஷில் சொல்ல முடியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. நான் அவர் பக்கம் திரும்பி, "சம்மதம் என்கிறான், ஐயா" என்றேன்.

"என்ன சொல்றாரு?" என்று நீ கேட்டாய்.

"எடுத்தே ஆகணுமாம்."

"நான் சொன்னதுக்கு என்ன சொன்னாரு?"

"அவங்கல்லாம் நம்ம சொல்றதக் கேக்க மாட்டாங்க, மச்சான்."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நாற்காலியில் உட்கார்ந்தாய். உன் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டவன் நான். நீ ஏன் எழுந்து ஓடவில்லை? அவரை நம்பியா உட்கார்ந்தாய்? பிடித்திருந்தது என் கை என்பதால்தானே உட்கார்ந்தாய்?

மூன்று தடவையாகப் பிடுங்கினார். ஒரு பல்லில்கூடச் சொத்தை இல்லை. நான்தான் அவற்றைக் கழுவித் தட்டில் வைத்தேன், எனக்குத் தெரியும். அப்புறம் இரண்டு கைகளையும் வலது முழங்காலையும் பலகை வைத்துக் கட்டினோம். ஆறு வாரம். லூர்து தினமும் வெந்நீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். 'அசைக்கக் கூடாதுன்னு உத்தரவு' என்று நான் தினமும் அவளைத் திருப்பி அனுப்பினேன். தகரம் ஆவி பறக்கப் பறக்க அவள் போவாள்.

கட்டை அவிழ்த்த அன்று உன் விரல்கள் மடங்கவில்லை. முழங்கால் கம்பு மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். யாரோ ஒருத்தர் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதைப் போல. 'குணமடைந்து வருகிறான்' என்று பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல நான் பதிவில் எழுதினேன். அன்று மத்தியானம் நீ கஞ்சிக் கரண்டியைத் தூக்க முடியாமல் லூர்து ஊட்டினாள்.

கஞ்சி, கஞ்சி, கஞ்சி. மெல்ல வாயில் ஒன்றுமில்லை. நீ உருகிப் போனாய். மழைக்காலத்தில் ஒரு மார்ச்சளி வந்தது. திடமான ஆளாக இருந்தால் ஒரு வாரத்தில் எழுந்திருப்பான். நீ எழுந்திருக்கவில்லை. படுக்கையில் கடைசிவரை நீ சொன்னது ஒன்றுதான்: "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல மச்சான், அந்த டாக்டரு?" ஒவ்வொரு தடவையும் நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். உனக்கு நான் கொடுத்த பதில் அது.

அந்த மனுஷன் தப்பான வைத்தியம் செய்தார். ஆனால் கேட்டார். நான் சரியான பதிலை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். இதில் எது பெரிய தப்பு, சூசை?

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கப்பலேற்றுவது நின்றுவிட்டது. லூர்து ஸ்டோரில் ரப்பர் சீட் காயப்போடும் வேலைக்குப் போகிறாள். புல் வெட்டுகிற அஞ்சலைக்கு உன்னை மாதிரியே விரல் வீங்கியிருக்கிறது. போன மாதம் பெரிய டாக்டர் அவளுடைய பல்லைத்தான் முதலில் பார்த்தார். 'அடுத்த முறை எடுத்துவிடலாம், அதற்குள் பேசி வை' என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சலை பயந்துபோய் லூர்துவிடம் யோசனை கேட்டிருக்கிறாள். அதற்கு நம் லூர்து என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்டுக்காரரும் அந்த மாதிரி ஒத்துக்கிட்டுத்தான் எடுத்தாரு. அவருக்கு விதி முடிஞ்சிருச்சு. ஒனக்கு நல்லாகும், எடுத்துக்க." கேட்காமலே பிடுங்கினார்கள் என்று நீ அவளிடம் சொல்லியிருந்தாய். 'அவரு ஒத்துக்கிட்டாரும்மா, அப்புறம் மனசு மாறிட்டாரு, வலியில பேசுறாரு' என்று அவளிடமும் நான் சொல்லி வைத்திருந்தேன். நான் சொன்னதையே அவள் நம்பியிருக்கிறாள், உன் சொல்லை விட்டுவிட்டு. அண்ணன் இங்கிலீஷ் படித்தவன் அல்லவா? அஞ்சலை வந்து, "ஒங்க தங்கச்சி சொன்னாங்க, எனக்கும் சம்மதங்கய்யா" என்று நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் பொய் என்னைக் கேட்காமலே இன்னொருத்தியை நாற்காலியில் உட்கார்த்தப் போகிறது.

அந்த ஞாயிறு ஜெபம் முடிந்து வந்ததும் லூர்து வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னேன். கரும்பு வரைக்கும் சொன்னேன்.

"நீ என்னன்னு சொன்ன?"

"சம்மதம்னு சொன்னேன்."

பொறுக்கி வைத்திருந்த கற்களை வாசலுக்கு அப்பால் எறிந்தாள். பிறகு, "கேக்கலையே கேக்கலையேன்னு அந்த டாக்டரு மேல கோவப்பட்டே செத்தாருண்ணே. வலியில ஒளறாதீங்கன்னு நான் அவர அதட்டுனேன்" என்றாள். குரலே உயரவில்லை. "அவரு இருந்திருந்தா ஒன்ன விட்டுருப்பாரு. அவரு மனசு அப்படி. எனக்கு அந்த மனசு இல்ல. போயிரு."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அது நியாயம்தான்.

ஆனால் மறுநாளே அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்னைப் பார்க்க அல்ல. கையில் வெந்நீர்த் தகரம். அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தண்ணீருக்குள் வைத்து, "அவசரப்படாத. வலிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்து. நாளைக்கி இன்னும் கொஞ்சம் மடங்கும்" என்று சொல்லிக்கொடுத்தாள். உனக்குச் செய்து செய்து பழகிய கை. வைத்தியம் இல்லை என்று நான் சொன்னதெல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்திருந்தது. நடுவில் நிமிராமலே, "தண்ணி ஆறிருச்சு, வேற கொண்டாரச் சொல்லு அவருகிட்ட" என்றாள் அஞ்சலையிடம். அவரு என்றது என்னைத்தான். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன்.

மூன்று வாரமாகத் தினமும் வருகிறாள். அஞ்சலையின் புல்வெட்டிக் கத்திக்கு நான் துணி சுற்றிக் கொடுத்தேன். உன்னுடைய பிடி அளவுக்கு எனக்குச் சுற்றத் தெரியவில்லை. அவளே அவிழ்த்து அவள் கைக்கு ஏற்றபடி சுற்றிக்கொண்டாள். முந்தாநாள் தானே கொண்டை போட்டுக்கொண்டு வந்து, "பாருங்கய்யா!" என்று திரும்பி நின்று காட்டினாள். நான் 'நல்லது' என்று சொல்லிவிட்டு மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளுக்கு வீக்கம் போகவில்லை; போகாமலே இருக்கலாம். ஆனால் அந்தக் கை இன்னும் அவளுடையதாக இருக்கிறது. உனக்கும் அது இருந்தது. நான்தான் கட்டிப்போட்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் வருகிறார். அஞ்சலையை என்ன சொல்லச் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை, மச்சான். வேண்டும் என்பாளோ வேண்டாம் என்பாளோ, அது அவள் வாய். அவள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அவரிடம் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு நகரமாட்டேன். அவர் இந்தத் தோட்டத்தில் முன்பு சம்மதம் கேட்ட இன்னொரு ஆளைப் பற்றியும் பேசுவேன். உன் பெயரைச் சொல்வேன். பல்லில் நோவு இல்லை, கைதான் வலிக்கிறது, வேண்டாம் என்று நீ சொன்ன பதிலை, உனக்கு இனி எந்தப் பிரயோஜனமும் இல்லாத அந்தப் பதிலை, அவருடைய பாஷையில் முழுதாகச் சொல்லிவிடுவேன். என்னை வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் லூர்துவுக்கு இன்னும் அண்ணனா என்று தெரியாத,
உனக்கு மட்டும் என்றும் மச்சானாகிய,
ஞானப்பிரகாசம்